அசை போடாத குதிரை

என் மாமனாருக்குக் குதிரையைப் பற்றித் தெரியாத சங்கதி ஒன்றே ஒன்றுதான். அது மாடு இல்லை என்பது. மற்றதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவரே சொல்வார். கேட்பதற்கு நாலு பேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

நான் வாக்கப்பட்டு வந்தது வெண்ணந்தூரை அடுத்த ஒரு பண்ணை வீட்டுக்கு. கட்டுத்தரை நிறைய மாடுகள். மாட்டு விஷயத்தில் மாமனாரை அடித்துக்கொள்ள அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அதை நான் மறுக்கமாட்டேன். காளை எழுந்து நிற்கிற தோரணையைப் பார்த்தே அதன் உடம்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாலு காலில் நின்று புல் தின்னும் எதுவும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நினைத்துவிட்டார்.

நான் வந்த வருஷம் பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் மோட்டார் கார் வாங்கினார். வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மண்பாதையில் கார் என்பது பெரிய அதிசயம். அது பாதி நாள் தானாக ஓடும். மீதி நாள் மாடு பூட்டி இழுத்து வருவார்கள். ஆனாலும் கார் கார்தானே. மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி மாசம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போனவர் ஒரு செங்குதிரையோடு திரும்பி வந்தார். சுழி பார்த்து வாங்கினாராம். உடம்பில் மயிர் சுழித்து நிற்கிற இடத்தைச் சுழி என்பார்கள். மாடோ குதிரையோ, எங்கள் பக்கத்தில் சுழி பார்க்காமல் யாரும் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார்கள். நல்ல இடத்தில் சுழி இருந்தால் குடி தழைக்கும். ஆகாத இடத்தில் இருந்தால் குடி முழுகிவிடும். குளம்பைத் தூக்கிப் பார்த்தாரா, பல்லைப் பார்த்தாரா, நடக்கவிட்டுப் பார்த்தாரா என்றெல்லாம் கேட்காதீர்கள். சுழி பார்த்தார், வாங்கினார். அது நல்ல குதிரையாக அமைந்தது அவர் செய்த புண்ணியம், குதிரை செய்த பாவம்.

நான் பிறந்தது ஓமலூர்ப் பக்கத்து மணியக்காரர் வீட்டில். அப்பா வரி வசூலுக்கும் எல்லைத் தகராறுக்கும் ஊர் ஊராகப் போகவேண்டியவர். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு குதிரை இருந்தது. அதை யாரும் பெருமைக்கு வைத்திருக்கவில்லை. காலையில் தண்ணீர், பிறகு புல், ஊறிய கொள்ளு ஒரு அளவு. வெளியே போய் வந்ததும் உடம்பைத் தேய்த்துவிட்டு, குளம்பில் சிக்கிய கல்லை எடுத்துவிடவேண்டும். லத்தி போட்டதா, எப்படிப் போட்டது என்று பார்க்கவேண்டும். இதில் பாதி வேலை என்னுடையது. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சோறு வடிக்கத் தெரிவது மாதிரித்தான். கண் இருந்தால் போதும்.

அந்தக் கண்தான் என் மாமனார் வீட்டில் இல்லை. வந்த அன்றே குதிரையைக் காளைகளுக்கு நடுவில் கொண்டுபோய்க் கட்டினார்கள். மறுநாள் விடியலில் அதன் முன்னால் ஒரு தொட்டி வந்தது. உள்ளே ஆட்டிய பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, மேலே கழுநீர். காளைக்கு அது அமிர்தம். எங்கள் பக்கத்தில் காளையைத் தேற்றவேண்டும் என்றால் பருத்திக்கொட்டையை ஆட்டி வைப்பார்கள். குதிரையும் பசிக்குத் தின்றது. தின்றதும் மாமனார் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அந்தப் பருத்திக்கொட்டையைத் தினமும் ஆட்டுக்கல்லில் ஆட்டுகிற பொறுப்பு வீட்டு மருமகளுக்கு. மருமகள் நான்.

சரி, தின்கிறது, வேலையாவது வாங்கினார்களா? மாமனார் அதன்மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறினால் விழலாம், விழுந்தால் ஊர் பார்க்கும். ஆகையால் குதிரைக்கு ஒரே ஒரு உத்தியோகம். பொழுது கிளம்பியதும் கழுத்தில் சலங்கையும் முதுகில் சரிகைத் துணியுமாக வாசல் வேப்பமரத்தடியில் போய் நிற்கவேண்டும். பொழுது சாய்ந்ததும் கட்டுத்தரைக்கு வரவேண்டும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். மாமனார் வாயைப் பிளந்தவர்களைப் பார்ப்பார். குதிரையை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பண்ணையாளைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இது அசை போட்டு நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"ராத்திரியில படுக்குதா?"

"நின்னுக்கிட்டேதானுங்க தூங்குது."

"பாத்தியா! நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். தின்னது அப்படியே நிக்குது. வவுத்துல என்னமோ கட்டிக்கிச்சு."

உள்ளேயிருந்து இதைக் கேட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பேச்சு காதில் விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாட்டு வைத்தியம் பார்க்கிற ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். அசை போடாத மாட்டுக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் அந்த ஆள் வரிசையாகச் செய்தான். மிளகும் ஓமமும் வெற்றிலையும் அரைத்துக் கரைத்து மூங்கில் குழாயில் அள்ளி, தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினார்கள். பாதி மூக்கு வழியாக வந்தது. குதிரை அன்று முழுக்க இருமியது. அசை மட்டும் போடவில்லை. ஏன் போடும்? குதிரை என்ற ஒன்று உண்டான நாள் முதலாக எந்தக் குதிரையும் அசை போட்டதில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, குதிரை அசை போடாதுங்க. அது நோவில்ல, அதும்பட வாகே அப்படித்தான். எங்கப்பன் ஊட்டுக் குதிரைங்க ஒண்ணுகூடப் போட்டதில்ல."

"நெசமாவா?" என்றார். பிறகு, "செரி, இத அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்கதானுங்க."

அவர் நல்லவர். நல்லவர் என்பதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றைக்கும் எதுவும் அகப்படவில்லை. மறுநாள் அப்பாவும் மகனும் சாப்பிட உட்கார்ந்தபோது மெல்ல ஆரம்பித்தார்.

"குதிரை அசை போடாதுன்னு சொல்றாங்க."

"எவஞ் சொன்னது?"

"பொதுவாச் சொல்றாங்க."

"புல்லுத் திங்கற எதும் அசை போடும். போடலீன்னா நோவு. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு" என்றார் மாமனார். நான்தான் ஊற்றினேன். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

மருந்துக்குக் கேட்காத மாட்டுக்கு எங்கள் பக்கத்தில் விலாவுக்குக் கீழே சூடு இழுப்பார்கள். ஐப்பசியில் ஒரு நாள் அதுவும் நடந்தது. ஆட்கள் கயிறு போட்டுக் குதிரையைச் சாய்த்து அமுக்கிக்கொண்டார்கள். மாட்டு வைத்தியன் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி எடுத்து வந்தான். மயிர் கருகுகிற வாடை மாமனாருக்கு ஆகாதாம். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குதிரை போட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி அதே அரிவாளால் இழுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சூடு போட்ட உடம்புக்குச் சத்து வேண்டாமா? பருத்திக்கொட்டை இரண்டு மடங்கானது. கூடவே கம்மஞ்சோறு. நடை கிடையாது, ஓட்டம் கிடையாது, நிற்பதும் தின்பதும்தான். ஐப்பசி முடிவதற்குள் குதிரை நிற்கிற விதம் மாறிவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் வாங்கிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி நின்றது. மாமனாருக்கு ஒரே பூரிப்பு.

"பாருங்க, எப்படி நிக்குதுன்னு. ராசா கணக்கா இல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சாணம் அள்ளுகிற சாக்கில் கிட்டே போய்க் குனிந்து முன்னங்குளம்பில் கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பில் வைத்த கல்லைப்போலச் சுட்டது. கால் தரையில் பட்டாலே வலி. அந்த வலிக்குப் பயந்துதான் அது காலை நீட்டி நின்றது. ராசாவாம்! தீனி மிஞ்சி நடை இல்லாமல் போனால் குதிரைக்கு வருகிற நோவு இது. அப்படியே விட்டால் குளம்பு கெட்டுப்போகும். அப்புறம் அது நடக்காது. நடக்காத குதிரை எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்?

இனி யாரிடமும் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பருத்திக்கொட்டையை ஆட்டுகிறவள் நான்தானே! குதிரைத் தொட்டியில் கழுநீரை ஊற்றி, பார்வைக்கு மேலே கொஞ்சம் புண்ணாக்கைத் தூவிவைத்தேன். ஆட்டியதும் கம்மஞ்சோறும் எருமைக்குப் போயின. எருமை பாலைக் கொட்டியது. அந்த எருமையை வாங்கிவந்த தன் தம்பியின் கைராசியை மாமியார் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். குதிரைக்கு மேய்ச்சல் காட்டில் அறுத்த கொழுக்கட்டைப் புல்லும் தண்ணீரும் மட்டும். கட்டுத்தரையைக் கழுவிவிடுகிறேன் என்ற பேரில் அது நிற்கிற இடத்தைச் சேறாக்கி வைத்தேன். குளிர்ந்த சேற்றில் நின்றால் அந்தக் காலுக்கு இதமாக இருக்கும். மருமகள் சுத்தக்காரி என்று எனக்கும் ஒரு நல்ல பேர் கிடைத்தது.

குளம்பில் சூடு இறங்கியதும் நடக்கவைக்கவேண்டும். அதற்கும் ஒரு வழி செய்தேன்.

"ஏனுங்க மாமா, ஓடைக்கு அக்கட்ட இருக்கற ஊர்க்காரங்க நம்ம குதிரைய இன்னும் பாக்கலியாமுங்க."

"அப்படியா சொன்னாங்க?" என்றார். அன்றைக்கே மகனுக்கு உத்தரவு போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் தினமும் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடை மணலில் மெதுவாகப் போய் மெதுவாக வந்தார். மெதுவாகப் போவது அவருக்கு இயல்பாக வருகிற காரியம். அதை அவர் கெடுக்கவில்லை.

மார்கழியில் குதிரை காலைச் சமமாக ஊன்றி நின்றது. மாமனார் மாட்டு வைத்தியனுக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார்.

"சூடு வேலை செஞ்சிருச்சு, பாத்தீங்களா? ஆனா அசைதான் இன்னும் போட மாட்டீங்குது. ஒரு பக்கம் இழுத்தது பத்தல. மாசி கடைசியில மறுபக்கமும் இழுத்துட்டாச் செரியாப் போயிரும்" என்று அறிவித்தார்.

எனக்கு அப்போது வயிற்றில் ஏழாவது மாசம். மாசி நடுவில் தலைப்பிரசவத்துக்கு என்னைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். குழந்தை பிறந்து நான் திரும்பி வரப் பல மாசம் ஆகும். அதற்குள் மறுபக்கமும் சூடு விழுந்துவிடும். என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து பருத்திக்கொட்டையை ஒழுங்காக ஆட்டிக் குதிரைக்கே வைப்பாள். நான் வரும்போது வேப்பமரத்தடி காலியாக இருக்கும். இது எனக்குக் கண்ணாடிபோலத் தெரிந்தது. நான் போவதற்குமுன் குதிரை அந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும்.

ஒரு நாள் அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சூட்டுத் தழும்பைக் கவனித்தேன். தழும்பைச் சுற்றி மயிர் புதிதாக முளைத்திருந்தது. முளைத்தது நேராக முளைக்கவில்லை. வளைந்து சுற்றி நடுவில் கூடி நின்றது. பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் சாணம் தட்ட வந்த மாமியாரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க அத்தை, இந்தச் சுழி மொதல்லயே இருந்துச்சுங்களா?"

அவ்வளவுதான் நான் கேட்டது. நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. மாமியார் குனிந்து பார்த்தார். சாணக் கூடையைக் கீழே வைத்தார்.

"அட சாமீ! வவுத்துச் சுழியாச்சே இது! குடியக் கவுத்துப் போடுமே!"

அப்புறம் நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது இந்தச் சுழியால்தான். அது ஒவ்வொரு வருஷமும் மாசியில் இறங்கும். மாமியாருடைய தம்பி வண்டி குடைசாய்ந்ததும் இந்தச் சுழியால்தான். அவர் கள்ளுக்கடையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது கணக்கில் வரவில்லை. மாமியார் போட்ட சத்தம் நாலு காடு தாண்டிக் கேட்டிருக்கும்.

"நாம் பாத்துத்தான் வாங்குனேன். அப்ப இல்ல" என்றார் மாமனார்.

"இப்ப இருக்குதே, வந்து பாருங்க!"

அவர் எழுந்துவந்து ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும், அது சூட்டுத் தழும்பு என்று தெரிந்திருக்கும். மாட்டில் அப்படி எத்தனையோ பார்த்தவர்தானே? அவர் எழுந்திருக்கவில்லை. சுழி இருந்தால் தன் கண் பொய். இல்லாவிட்டால் பெண்டாட்டியோடு சண்டை. இரண்டுக்கும் அவர் தயாராக இல்லை. "இது ரொம்பச் சாதுங்க, நமக்கு இன்னும் வீரியமான குதிரை வேணும்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, விற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று ஓமலூர்ச் சந்தைக்கு ஆள் வைத்து அனுப்பினார்.

அதே வாரம் அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தார். அவருடைய பழைய குதிரை முந்தின வருஷம் செத்திருந்தது. வண்டியில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"சம்மந்தி ஊட்டுக் குதிரையப் போயி நான் வாங்குனா நல்லா இருக்குமா சாமி? நாளைக்குத் தெரிஞ்சா உனக்குத்தான சங்கடம்?" என்றார்.

"அவுங்களுக்குத் தெரியாதுங்கப்பா. ஒருக்காலும் தெரியாது" என்றேன்.

சந்தையில் வியாபாரி கைக்குப் போன குதிரையை அப்பா அந்த வியாபாரியிடமிருந்து வாங்கினார். நான் பிள்ளை பெற்று எழுந்து வந்தபோது அது தொப்பை கரைந்து, தினமும் அப்பாவைச் சுமந்து ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தது. புல், கொள்ளு, நடை. வேறொன்றும் இல்லை. நான் இனி நிரந்தரமாகத் தங்க முடியாத வீட்டில் அது தங்கிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெண்ணந்தூருக்கு வண்டி ஏறும்போது எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து வைகாசித் தேருக்குத் திருச்செங்கோட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். மலையடிவாரத்தில் புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்தோம். மாமியாரும் என் வீட்டுக்காரரும் மலைமேல் சாமி கும்பிடப் போயிருந்தார்கள். அப்பா அந்தச் செங்குதிரைமேல் வந்து இறங்கினார். நான் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தேர் பார்க்க வந்த சனம் குதிரையைச் சுற்றிக்கொண்டது. பிள்ளைகள் அதன் மூக்கைத் தடவின. யாரோ ஒரு கிழவர் அதன் காலைத் தூக்கிக்கூடப் பார்த்தார். அது யாரையும் பொருட்படுத்தாமல் நின்றது.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுதானுங்க குதிரை! சம்மந்தி, நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சுங்க. இதுல பாதிகூட வராது."

"அப்படீங்களா" என்றார் அப்பா.

"தின்னது செரிக்குதுங்களா? அசை கிசை நல்லாப் போடுதுங்களா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போடுமாட்டம் இருக்குதுங்க. நாங்கதான் பாத்ததில்ல."

மாமனார் தலையை ஆட்டினார். பிறகு, நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாளாகப் பார்க்காத ஒன்றைச் செய்தார். குனிந்து குதிரையைப் பார்த்தார். விலாவுக்குக் கீழே அவர் கண் நின்றது.

"இதென்னங்க, சூட்டுத் தழும்பு! எந்த மடையனுங்க இதுக்குப் போயிச் சூடு போட்டது?"

"தெரியலீங்க. ஓமலூர்ச் சந்தையில புடிக்கறப்பவே இருந்துச்சுங்க."

"ஓமலூர்ச் சந்தையா? அங்க வர்றதெல்லாம் அப்படித்தானுங்க. எவனாச்சும் கெடுத்துக் கொண்டாந்து தள்ளிட்டுப் போவான். வாயில்லாச் சீவனப் போயி இப்படிப் பண்ணியிருக்கறானே, அவனெல்லாம் மனுசனா?"

நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தேன். அந்தத் தழும்பைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினார். குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, கயிறு இழுத்துக்கொள்கிற மட்டும் பின்வாங்கிப் போய் நின்றது.

"புது ஆளுன்னா மெரளுதுங்க" என்றார் மாமனார்.

"ஆமாங்க" என்றார் அப்பா.

அதுவரைக்கும் ஊர்ச்சனமெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்தாயிற்று. ஒருத்தரைக் கண்டும் அது மிரளவில்லை.